மாமியார் மேல் மூன்று கோடுகள்

இன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது என்று விடிவதற்கு முன்பே போன் வந்ததும், அந்த ஊரில் பிள்ளைகளைவிட அதிகமாகக் குதித்தவள் பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்னி பொஸ்ட்னிகாஃப்தான். நாற்பதைத் தாண்டியவள், இரண்டு முழங்காலிலும் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிறவள். கட்டிலை விட்டு அவள் எழுந்த வேகத்தைப் பார்த்திருந்தால் அந்தத் தைலக் கம்பெனிக்காரனே நம்பியிருக்க மாட்டான். ஜன்னலுக்கு வெளியே அவளுடைய பிக்கப் வண்டி நின்ற இடத்தில் ஒரு வெள்ளை மேடு இருந்தது. இரவெல்லாம் கொட்டியிருக்கிறது. கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகிப் போகிற மாவுப்பனி.

கூட்டனி என்கிற அந்த மலைப் பக்கத்துக்காரர்களுக்கு இப்படி ஒரு நாள் வாய்த்துவிட்டால் நல்லது கெட்டது எல்லாம் அப்புறம்தான். கடைகள் மதியம் வரை திறக்காது. பல் டாக்டர் நோயாளிகளை நாளைக்கு வரச் சொல்லிவிடுவார். பல்வலிக்காரனும் கோபித்துக்கொள்ள மாட்டான், அவனும் மலையில்தான் இருப்பான்.

மார்னி கூப்பிடுவதற்குள் கோரீனே கூப்பிட்டுவிட்டாள்.

“எந்திரிச்சிட்டியா, இல்ல இன்னும் போர்வைக்குள்ளயே ஜபமா?”

“நான் காப்பி குடிச்சு பாத்திரமும் கழுவியாச்சு. நீ பல்லு வெளக்கினியாடி?”

ஒன்றாம் வகுப்பிலிருந்து இவர்கள் இருவருக்கும் பேச்சு இப்படித்தான். கோரீன் முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவளோடு டெல் ஃபெராரோ வருவான், உலோகம் உருக்கும் ஆலையில் வேலை, ஆள் பீரோ மாதிரி இருப்பான். இரண்டு பெண்டாட்டிகள் கட்டி, இரண்டு பேருமே மலையைச் சக்களத்தி என்று திட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அதற்காக அவன் பெரிதாக வருந்தியதாகத் தெரியவில்லை. மூன்று பேரும் சேர்ந்து ஸ்கீ என்கிற சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு மலை ஏறாத குளிர்காலம் அவர்கள் நினைவில் கிடையாது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒன்று நடந்தது. பக்கத்து மலையில் பனிச்சரிவு உடைந்து கோரீனை வாரிக்கொண்டு போய்ப் புதைத்தது. டெல் எங்கோ கீழே இருந்தான், ஏறி வரவே நேரமாகிவிட்டது. பனிக்குள் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஆளுக்கொன்று மார்பில் கட்டியிருந்த பீப்பர் காட்டிய இடத்தில் மார்னி தனியாகத் தோண்டினாள். புதைந்தவளுக்கு ஒன்றும் நினைவில்லை. கண் விழித்ததும் என் கையுறை எங்கே என்றுதான் கேட்டாள். தோண்டியவளுக்குத்தான் எல்லாம் நினைவிருக்கிறது. நீலம் பாரித்த உதடும், வாய்க்குள் அடைத்திருந்த பனியை விரல் விட்டு எடுத்ததும், அந்த வாய் அதற்கப்புறமும் சற்று நேரம் மூச்சு விடாமல் இருந்ததும். அவை அவள் சாகிற வரைக்கும் போகாது.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி கோரீன்தான் அந்தச் சட்டத்தைப் போட்டாள். மூன்று பேரில் ஒருத்தர் ஒரு இறக்கத்தைப் பார்த்து வேண்டாம் என்றால் மூன்று பேருக்கும் வேண்டாம். ஏன் என்று கேட்கக் கூடாது, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. மலைக்குப் போகிற எல்லாக் கூட்டமும் இப்படி ஒன்றைச் சொல்லிக்கொள்ளும், பாதிப் பேர் காற்றில் பறக்கவும் விடுவார்கள். இவர்கள் விடவில்லை. வேண்டாம் என்று அதிகம் சொன்னது மார்னிதான். அது அவளுக்கே தெரியும், அதில் அவளுக்குக் கூச்சமும் உண்டு. ஆனால் ஒவ்வொரு தடவையும் மற்ற இரண்டு பேரும் கண்ணிமைக்காமல் ‘சரி’ என்றார்கள். அந்த ஒரு ‘சரி’க்காக மார்னி அவர்களுக்கு என்ன வேண்டுமானாலும் செய்வாள்.

காலையில் மலைமேல் வண்டி நிறுத்தும் இடத்தில் மூன்று பேரும் சேர்ந்தார்கள். பீப்பர்கள் வேலை செய்கின்றனவா என்று ஒருவரை ஒருவர் கடந்து நடந்து பார்த்துக்கொண்டார்கள். ஸ்கீயின் அடியில் வழுக்காமல் ஏறுவதற்கான மயிர்ப்பட்டையை ஒட்டிக்கொண்டு, பழைய மரம் வெட்டும் பாதையில் வரிசையாக ஏறினார்கள். முன்னால் போகிறவன்தான் புதுப் பனியை உழுது பாதை போட வேண்டும். டெல் உழுதான். பின்னாலிருந்து கோரீன் அவனை உழவு மாடே என்று கூப்பிட்டு, இரண்டு பெண்டாட்டிக்கும் இப்படி உழைத்திருந்தால் ஒருத்தியாவது தங்கியிருப்பாளே என்றாள். உழைச்சது போதும்னுதான் ரெண்டு பேரும் போனாங்க என்றான் டெல், மூச்சு வாங்கிக்கொண்டே.

உச்சி முகட்டிலிருந்து இந்தப் பக்கம் இறங்கினால் காடு. பெரிய பெரிய தேவதாரு மரங்கள், நடுவில் சறுக்கிப் போக இடம். மரங்கள் பனியைப் பிடித்து நிறுத்தும் என்பதால் பயமில்லை. மார்னி முதலில் விட்டாள்.

அதை எப்படிச் சொல்வது! இடுப்பளவு பனியில் காலே தெரியாமல் உடம்பு மிதந்து போகிறது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் பனி எழும்பி முகத்தில் அடிக்கிறது, மூச்சைத் திருப்பத்துக்குத் திருப்பம் எண்ணி இழுக்க வேண்டியிருக்கிறது. சத்தமே இல்லை. முழங்கால் வலி எங்கே போயிற்றோ தெரியவில்லை. பின்னால் எங்கோ கோரீன் சின்னப் பிள்ளை மாதிரி கூவிக்கொண்டு வருவது மட்டும் கேட்டது. கீழே வந்து நின்றபோது மூன்று பேருக்கும் புருவமெல்லாம் வெள்ளை. ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்து, சிரிப்பதற்கு ஒன்றும் இல்லாமலே சிரித்தார்கள். உலகத்தில் உனக்கு என்ன குறை என்று அந்த நேரத்தில் கேட்டிருந்தால் மார்னிக்குப் பதில் தெரிந்திருக்காது.

மறுபடி ஏறினார்கள். இந்தத் தடவை முகட்டின் அந்தப் பக்கம் வரைக்கும் போய் எட்டிப் பார்த்தார்கள்.

அந்தப் பக்கம் இருப்பது மாமியார். ஊர்க்காரர்கள் வைத்த பேர்தான். ஒரு மரம்கூட இல்லாத, அகன்ற, செங்குத்தான வெள்ளைச் சுவர். ஆற்றங்கரை நெடுஞ்சாலை வரைக்கும் ஒரே இறக்கம். பார்க்க அழகாக இருப்பாள், நாள் முழுக்கச் சும்மா இருப்பாள், எந்த நேரத்தில் எதற்காக வெடிப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊரில் இறங்கியவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஊருக்குள் இலை அசையாத இரவு, முகட்டில் காற்று அடித்திருந்தது. மார்னி மண்டியிட்டு ஓரத்தில் பனியை வெட்டிப் பார்த்தாள். மேலே காற்று அழுத்திய கெட்டிப் பாளம், ரொட்டியின் மேல்தோல் மாதிரி. அதற்கு அடியில் சர்க்கரை மாதிரி உதிர்கிற பழைய பனி. மண்வாரியால் லேசாகத் தட்டினாள். பாளம் உடனே விட்டு நகரவில்லை. ரொம்ப நேரம் தட்டிய பிறகுதான் நகர்ந்தது. இறங்கலாம் என்று சொல்கிறவர்களும் இருப்பார்கள். மார்னியின் கண்ணுக்குள் அந்த நீல உதடு வந்து நின்றது.

“வேண்டாம்” என்றாள்.

“சரி” என்றான் டெல்.

“சரிடி, விடு. மாமியாரைப் பகைச்சுக்கிட்டு யாரு வாழ்ந்தா” என்றாள் கோரீன். அவள் குரலில் ஒரு துளி ஏமாற்றம் இல்லை. மார்னியின் தோளில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டு, காட்டுப் பக்கம் திரும்பி முதல் ஆளாகச் சறுக்கினாள்.

வண்டிகளிடம் வந்தபோது இன்னொரு தடவை ஏறலாமா என்று மார்னி கேட்டாள், காட்டுப் பக்கமே ஏறலாமே என்று. டெல் தலையைச் சொறிந்தான். அம்மா வீட்டு ஹீட்டர் மறுபடி மக்கர் பண்ணுகிறது, கிழவி விறைத்துப் போய்விடுவாள் என்றான். கோரீனுக்கு மதியத்திலிருந்து டியூட்டி. அவள் டெல்லின் வண்டியில்தான் வந்திருந்தாள். நீ கிளம்பு, நாங்கள் பூட்ஸைக் கழற்றி மெதுவாக வருகிறோம் என்று மார்னியைக் கட்டிப்பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். இறங்கும் வழியில் ஒரு சிவப்பு ஜீப் எதிரே மேலேறிப் போயிற்று. ஓட்டினவன் யாரென்று தெரியவில்லை. மலைப்பாதை வழக்கப்படி மார்னி ஸ்டியரிங்கிலிருந்து விரல் தூக்கிக் காட்டினாள், அவனும் காட்டினான்.

வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. இப்படி ஒரு நாள் வருஷத்தில் எத்தனை வரும்? அதில் பாதியை நான் கெடுத்துவிட்டேனே என்று இருந்தது. அவர்கள் ஒரு வார்த்தை முகம் சுளித்திருந்தால்கூடத் தேவலை. சுளிக்காததுதான் உறுத்தியது. மாவைப் பிசைந்தாள். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் வைத்து, அவள் அம்மா வழி ரஷ்யக்காரர்கள் செய்கிற பிராகி தட்டினாள், சின்னச் சின்னப் படகு மாதிரி. சூடாக வெண்ணெய் தடவித் துணியில் சுற்றி டப்பாவில் அடுக்கினாள். டியூட்டியில் கோரீன் பட்டினி கிடப்பாள், அந்த இல்லத்துக் கிழவர்கள் சாப்பிட விட மாட்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தால் மனசு ஆறும்.

ஊர் எல்லையில் பெட்ரோல் போட நிறுத்தினாள். பங்கை நடத்துகிற ஆர்லீன் கடைக்குள் ஜன்னலோரம் நின்று பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பைனாகுலர் ஜன்னல் கம்பியில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும். மேகம் விலகினால் அங்கிருந்து மாமியாரின் முழு முகமும் தெரியும். யார் இறங்குகிறார்கள், யார் விழுகிறார்கள் என்று பார்த்து விமர்சனம் சொல்வதுதான் அந்த ஊரின் மதிய நேரப் பொழுதுபோக்கு.

காசு கொடுக்க உள்ளே வந்த மார்னியைப் பார்த்து ஆர்லீன் முழித்தாள்.

“ஏம்மா, நீ இங்க இருக்கியா? அப்ப அங்க நிக்கிறது யாரு?”

“எங்க?”

“மாமியார் தலையில. மூணு பேரு. நீங்க மூணு பேரும்தான்னு நினைச்சேன்.”

மார்னி பைனாகுலரை வாங்கிப் பார்த்தாள். மேகம் கிழிந்து முகடு தெரிந்தது. விளிம்பில் மூன்று புள்ளிகள். ஒரு புள்ளி கழன்று கீழே வந்தது. அகல அகலமாக, அவசரமே இல்லாமல், கம்பளம் விரிக்கிறவன் மாதிரி வளைந்து வளைந்து இறங்கியது. ஆலையில் வேலை பார்க்கிற வேறு யாராவது பெரிய உடம்புக்காரனாக இருக்கலாம் என்று மார்னி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டாவது புள்ளி கிளம்பியது. நெருக்கமான சின்னச் சின்னத் திருப்பங்கள். ஒவ்வொரு இடது திருப்பத்துக்கும் இடது கை மேலே எழும்பியது, வகுப்பில் டீச்சரிடம் கேள்வி கேட்கிற பிள்ளை மாதிரி. அந்தக் கையை இறக்குடி, இறக்குடி என்று மார்னி முப்பது வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறாள். அப்படி இறங்குகிறவள் உலகத்தில் ஒருத்திதான்.

மார்னி பைனாகுலரை நடுவுக்கு நகர்த்தினாள். நடுச் சரிவு, காற்று அழுத்திய இடம், அங்கேதான் உடையும். உடையாதே, உடையாதே என்று வேண்டிக்கொண்டாள். அடுத்த நொடியே, ஓரமாகக் கொஞ்சமாவது உடையட்டுமே என்று ஒரு நினைப்பு உள்ளே எட்டிப் பார்த்தது. நான் சொன்னது சரி என்று தெரிகிற அளவுக்கு மட்டும். அந்த நினைப்புக்காக அவள் தன்னையே வெறுத்தாள். ஒன்றும் உடையவில்லை. மூன்றாவது புள்ளியும் இறங்கியது. அது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. மாமியாரின் வெள்ளை முகத்தில் மேலிருந்து கீழ் வரைக்கும் மூன்று கோடுகள் பளிச்சென்று கிடந்தன.

ஆர்லீன் பேசிக்கொண்டே இருந்தாள். அவளுக்குச் சூது வாது தெரியாது.

“போன சனிக்கிழமையும் பார்த்தேனே. அதுக்கு முந்தியும். எங்க சின்னவன்கிட்டகூடச் சொன்னேன், உங்க பஸ் ஓட்டுற அம்மா மாமியாரையே அடக்கிட்டாங்கடான்னு. அப்ப அதெல்லாம் நீ இல்லையா?”

போன சனிக்கிழமை மார்னி முகட்டில் நின்று வேண்டாம் என்றாள். கோரீனுக்கு அன்றைக்கு அக்கா மகள் பிறந்தநாள். டெல்லுக்கு அம்மா வீட்டு ஹீட்டர். அதற்கு முந்தின தடவையும் ஹீட்டர்தான். ஒரு ஹீட்டர் ஒரு குளிர்காலத்தில் இத்தனை தடவை எப்படிக் கெட்டுப்போகும் என்று ஒரு நாளாவது அவள் யோசித்தாளா? யோசிக்கவில்லை. பாவம் டெல், எப்போது பார்த்தாலும் அம்மாவுக்காக ஓடுகிறான் என்றுதான் நினைத்தாள். மடச்சி, மடச்சி என்று மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள். காசை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து வண்டியைக் கிளப்பினாள். முதியோர் இல்லம் இடது பக்கம். அவள் வலது பக்கம் திரும்பினாள்.

மாமியாரை இறங்கினால் நெடுஞ்சாலையில்தான் வந்து விழ வேண்டும். வண்டி நிற்பதோ மலைக்கு மறுபக்கம், மேலே. அதனால் சாலையோரம் நின்று கட்டைவிரலை நீட்ட வேண்டும். ஸ்கீயோடு நிற்கிறவர்களைப் பார்த்தால் அந்த ஊர்க்காரன் எவனும் ஏற்றாமல் போக மாட்டான். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் மூன்று பேரும் நின்றார்கள். தலையிலிருந்து கால் வரை பனி, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டு, மூன்று கட்டைவிரல்களும் நீட்டியபடி. வருவது யார் வண்டி என்று டெல்லுக்குத்தான் முதலில் தெரிந்தது. அவன் கை இறங்கியது. பிறகு கோரீனின் கை. மூன்றாமவன் மட்டும் உற்சாகமாக ஆட்டிக்கொண்டே இருந்தான்.

அப்படியே போய்விடலாம் என்றுதான் மார்னி நினைத்தாள். கால் பிரேக்கை மிதித்துவிட்டது. ஸ்கீக்காரர்களை ரோட்டில் விட்டுப் போய் அந்தக் காலுக்குப் பழக்கமில்லை.

டெல் ஸ்கீக்களை எடுத்துக்கொண்டு பின்னால் திறந்த தொட்டியில் ஏறி உட்கார்ந்தான், குளிரில். மூன்றாமவன் முன்கதவைத் திறந்து நடுவில் நகர்ந்து உட்கார, கோரீன் ஓரத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள். மார்னியைப் பார்க்கவில்லை.

“நல்ல வேளை நீங்க வந்தீங்க” என்றான் அவன். “நீங்கதானே மார்னி? நான் ட்ரென்ட், டெல்லோட ஷிப்ட்டுல இருக்கேன். காலையில ஜீப்புல எதிர்ல வந்தேனே, கை காட்டினீங்களே.”

“ஆமா, காட்டினேன்.”

“முதுகு இப்ப எப்படி இருக்கு?”

“யார் முதுகு?”

“உங்க முதுகுதான். கோரீன் சொன்னாங்க, முதுகு வலியால காட்டுப் பக்கம் மட்டும் இறங்கிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்கன்னு. நீங்க போனப்புறம் என்னைக் கூப்பிட்டுக்குவாங்க.”

“முதுகு இத்தனை நாளும் நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள் மார்னி. “இன்னைக்குத்தான் குத்துது.”

பையன் பாவம், அதற்கும் அனுதாபமாகத் தலையாட்டினான். அவன் மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. அவனுக்கு மாமியார் தெரியும், சறுக்கத் தெரியும், வேறு ஒன்றும் தெரியாது. வண்டிக்குள் வெண்ணெய் வாசனை நிறைந்திருந்தது. டாஷ்போர்டு மேல் இருந்த டப்பாவை அவன் மோப்பம் பிடித்தான். மார்னி மூடியைத் திறந்து அவன் மடியில் வைத்தாள். எடுத்துக் கடித்துவிட்டுக் கண்ணை மூடினான்.

“அய்யோ, சூடா இருக்கு. இது யாருக்குச் செஞ்சீங்க?”

“கோரீனுக்கு” என்றாள் மார்னி சாலையைப் பார்த்துக்கொண்டே. “இன்னைக்கு அவளுக்கு மத்தியான டியூட்டி. பாவம், சாப்பிடக்கூட நேரம் இருக்காது.”

ட்ரென்ட் மெல்லுவதை நிறுத்தினான். அந்தப் பக்கம் திரும்பிக் கோரீனைப் பார்த்தான், இந்தப் பக்கம் திரும்பி மார்னியைப் பார்த்தான். கோரீன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியில் அவள் மூச்சு பட்டுப் புகைந்துகொண்டிருந்தது.

மேலே வந்ததும் ட்ரென்ட் டப்பாவை இருக்கையில் வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி எதையோ முணுமுணுத்துத் தன் ஜீப்புக்கு ஓடினான். டெல் தொட்டியிலிருந்து இறங்கி வந்து மார்னியின் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றான். உதடெல்லாம் வெளுத்திருந்தது.

“மார்னி, நான் வந்து...”

“நீ போய் உங்கம்மா ஹீட்டரைப் பாரு டெல்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு தன் வண்டிப் பக்கம் போய்விட்டான். கோரீன் இறங்கவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“எப்பத்திலேர்ந்து?” என்று கேட்டாள் மார்னி.

“விடேன் மார்னி.”

“எப்பத்திலேர்ந்து?”

“நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அடுத்த வருஷத்திலேர்ந்து. ட்ரென்ட் இந்த வருஷம்தான். அதுக்கு முந்தி நானும் டெல்லும் மட்டும் போவோம்.”

அப்படியானால் எல்லாமே. அவள் சொன்ன ஒவ்வொரு ‘வேண்டாமும்’. அவள் கீழே இறங்கி வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளித்து, இன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் உயிரோடு வீட்டில் இருக்கிறார்கள், அதற்கு நான் காரணம் என்று நிம்மதியாகத் தூங்கிய ஒவ்வொரு ராத்திரியும். அவர்கள் உயிரோடுதான் இருந்தார்கள். அதற்கு அவள் காரணம் இல்லை. அவள் தடுத்து நிறுத்தியதாக நினைத்த இறக்கங்களையெல்லாம் அவர்கள் இறங்கி, ரசித்து, கட்டைவிரல் நீட்டி வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. வெட்கமாக இருந்தது, யாரோ நாலு பேர் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்ட மாதிரி. ஏமாற்றியவர்கள் இவர்கள், வெட்கம் மட்டும் எனக்கா என்று ஆத்திரமாகவும் இருந்தது.

“உள்ளே புதைஞ்சிருந்தா யாருக்குடி தெரியும்?” என்றாள். “நீ டியூட்டியில இருக்கேன்னு நான் நினைச்சுக்கிட்டிருப்பேன். ராத்திரி வரைக்கும் யாரும் தேடியிருக்க மாட்டாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நீ வேண்டாம்னா நீ போ, நாங்க இறங்குறோம்னு. மூஞ்சிக்கு நேரா.”

“உன் மூஞ்சிக்கு நேரா என்னால முடியாது.”

“ஏன்?”

கோரீன் இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரலில் கோபம்தான் இருந்தது.

“நீ என்னைத் தோண்டி எடுத்தவ. அதை நீ ஒரு நாளும் சொல்லிக் காட்டினது இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா நீ என்னைப் பார்க்கிறப்ப எல்லாம் நான் பொணமாத்தான் தெரியறேன். அது உன் கண்ணுல இருக்கு. மலை உச்சியில நின்னு நீ வேண்டாம்னு சொல்றப்ப, இல்லடி நான் போறேன்னு எந்த வாயால சொல்லுவேன்? நீ விரல் விட்டுப் பனி எடுத்த வாயாலயா? டெல்கூடப் போறப்ப நான் சும்மா ஒரு பொம்பள, சறுக்குறேன், அவ்வளவுதான். யாருக்கும் நான் கடன்பட்டவ இல்ல.”

மார்னிக்கு அது உறைத்தது. உண்மையாகவும் இருக்கலாம். அதனால்தான் அதிகம் வலித்தது. தோண்டியதற்காக நன்றி வேண்டும் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. தோண்டியதே ஒரு பாரமாக இவள் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. அதை இறக்கி வைக்க இவளுக்குப் பொய்தான் கிடைத்ததா? அதுவும் முதுகுவலிக்காரி என்று ஊர் பேர் தெரியாதவனிடம் சொல்லி வைக்கிற பொய்?

“அந்தச் சட்டத்தைப் போட்டது நீதான்” என்றாள் மார்னி.

“தெரியும். உனக்காகத்தான் போட்டேன். நீ அப்ப ராத்திரியெல்லாம் தூங்காம இருந்த.”

எனக்காகவா! சோறு ஊட்டுவதற்காகக் குழந்தையிடம் ஏதாவது சொல்வார்களே, அப்படி. இத்தனை வருஷமும் இவர்கள் அவளோடு மலை ஏறவில்லை, அவளை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய் விளையாட்டுக் காட்டிவிட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

கோரீன் கையுறையைக் கழற்றி மார்னியின் முழங்கை மேல் கை வைத்தாள். அந்தக் கை இன்னும் சில்லிட்டிருந்தது. மார்னி தட்டிவிடவில்லை.

“நாளைக்கும் கொட்டும்னு சொல்றாங்க” என்றாள் கோரீன் தணிந்த குரலில். “காலையில வா மார்னி. காட்டுப் பக்கம் மட்டும். உன்கூடவே ஏறி, உன்கூடவே இறங்கி, உன் வண்டியிலயே வீட்டுக்கு வர்றேன். வேற எங்கயும் போக மாட்டேன், சத்தியமா. நாம ரெண்டு பேர் மட்டும். வர்றியா?”

மார்னி அவள் முகத்தைப் பார்த்தாள். பசித்தால், பொய் சொன்னால், காதலில் விழுந்தால் அந்த முகம் எப்படி மாறும் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது அந்த முகத்தில் இருப்பது நிஜம் மாதிரிதான் தெரிந்தது. காலையில் முகட்டில் தோளிலிருந்த பனியைத் தட்டிவிட்டபோதும் நிஜம் மாதிரிதான் தெரிந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தேடித் தேடிப் பார்த்தாள். ஒரு வித்தியாசமும் அவளுக்குப் புலப்படவில்லை. நாளைக்கு மட்டும் இல்லை, இனி எந்த நாளும் இவளோடு ஒரு மேடுகூட ஏறப்போவதில்லை என்று அந்த இடத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“சரிடி, வர்றேன்” என்றாள்.

குரலில் ஒரு சுணக்கம் இல்லை, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளே நினைக்கவில்லை. கோரீன் பெருமூச்சு விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, டப்பாவிலிருந்து ஒரு பிராகியை எடுத்துக் கடித்தபடி வண்டியிலிருந்து இறங்கினாள். அவள் நம்பிவிட்டாள்.